வாய்மை மன்றமும் என் இடுப்புத் தீப்பெட்டியும்

என் வாழ்நாளின் மிகப் பெரிய உண்மையை, புடவை எரிந்த அன்றுதான் சொன்னேன். எரியாமலிருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள். (மாட்டேன்.)

தஞ்சாவூரில் நான் படித்த பெண்கள் கல்லூரியில் ‘வாய்மை மன்றம்’ என்று ஒன்று உண்டு. நன்றாகப் படிக்கும் பன்னிரண்டு பேருக்கு மட்டுமே இடம். சேர்க்கை விழா ஆடி மாதம். வெள்ளைப் புடவை கட்டி, கையில் அகல்விளக்கோடு மைதானத்தைக் கடந்து அரங்கத்துக்குப் போகவேண்டும். அங்கே ‘பொய் சொல்லமாட்டேன்’ என்று உறுதி கூறி, பழைய பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு விளக்கும் அணைந்ததில்லை என்று வருடாவருடம் மேடையில் பெருமையாக வாசிப்பார்கள்.

எங்கள் ஒரத்தநாட்டில் கூரையைப் பிய்க்கும் ஆடிக் காற்று, இங்கே மட்டும் விளக்குக்கு வழிவிட்டு நிற்குமா? ஏற்கெனவே மன்றத்தில் இருந்த சீனியர் ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன். சிரித்தார்.

“மக்கு! எல்லாரும் இடுப்புல தீப்பெட்டி செருகிக்குவோம். வேப்பமரத்துக்குப் பின்னால பத்த வச்சுக்க. எங்க சீனியரும் இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

அந்தக் கையெழுத்து எனக்கு உயிர். அப்பா தீர்மானமாகச் சொல்லியிருந்தார்: “அந்த நோட்டுல பேரு ஏறுனா எம்.எஸ்ஸி. படி. இல்லாட்டி துபாய் மாப்பிள்ளதான்.” (அந்த வருடங்களில் எங்கள் பக்கம் தரகர்களிடம் வேறு மாப்பிள்ளையே இல்லை.)

வேப்பமரத்தடியில் விளக்கு அணைந்தது. பற்ற வைத்தேன். திரியோடு முந்தானையும் பற்றியது எனக்குத் தெரியாது. மகாராணி மாதிரி புகையோடு மேடை ஏறினேன். சிறப்பு விருந்தினராக வந்திருந்த கால்நடை மருத்துவர் அம்மா, ஒரு குடம் தண்ணீரை அப்படியே என் மேல் கவிழ்த்தார். (எருமையைக் குளிப்பாட்டிய கைப்பழக்கம்.) இடுப்பிலிருந்து தீப்பெட்டி நழுவி, முதல்வர் மதர் காலடியில் விழுந்தது.

“இது என்னம்மா? மத்தவங்க விளக்கெல்லாம் அணையலையே?”

முன்வரிசையில் அப்பா. அவர் முகத்தில் துபாய் தெரிந்தது. பீடி பிடிப்பேன் என்று சொல்லியாவது தப்பிக்கலாமா என்றுகூட யோசித்தேன். பின்னால் வரிசையாகப் பதினோரு பேர், ஒன்றும் தெரியாத முகத்தோடு. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“எல்லார் விளக்கும் அணைஞ்சுது மதர். எல்லார் இடுப்புலயும் தீப்பெட்டி இருக்கு. பொய் சொல்லமாட்டேன்னு சொல்ல வந்துட்டு, பொய்யத்தான் தூக்கிட்டு வர்றோம். நான் சொல்லிட்டேன். இப்ப என் பேர எழுதறதா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க.”

ஸ்டெல்லா அக்கா எழுந்தார். “என் வருஷத்துல நானும் வச்சிருந்தேன் மதர்.” மேசை மேல் ஒவ்வொன்றாகப் பதினோரு தீப்பெட்டிகள் வந்தன. மதரும் அதே கல்லூரியில் படித்து, அதே மன்றத்தில் இருந்தவர்தான். பேனாவை என்னிடம் நீட்டினார்.

ஈரக் கையால் போட்ட கையெழுத்து, மை கலங்கி இன்றும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. எம்.எஸ்ஸி.யும் முடித்தேன். இப்போது அந்த விழாவில் விளக்குத் தட்டிலேயே தீப்பெட்டியையும் வைத்து எடுத்து வருகிறார்களாம்.

கரண்ட் போனால் எங்கள் வீட்டில் யாரும் டார்ச் தேடுவதில்லை. “அம்மா இடுப்பப் பாருங்க!” என்று மகள் கத்துவாள், அவள் அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்கட்டும். அந்த மன்றத்தில் பொய் இல்லாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான்.