இரண்டாம் நாளே அடங்கிய அட்டவணை

வேலை செய்யும் இடத்தில் அவருக்கு பிக்சல் என்று பெயர். இணையப் பக்கம் எதைச் செய்தாலும் ஒரு புள்ளி இந்தப் பக்கம், ஒரு புள்ளி அந்தப் பக்கம் என்று மல்லுக்கு நிற்பார் என்பதால் வைத்த பெயர். வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது. மனைவி "ஏங்க" என்றால் பாத்திரம். "என்னங்க" என்றால் துணி. வெறுமனே இருமினால் குப்பை வாளி. பதினெட்டு வருஷமாக இந்த மூன்று சத்தத்துக்கும் எழுந்து ஓடிய மனிதர், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நாற்காலியை விட்டு அசையவில்லை.

அன்றுதான் ஒரு பஸ் கம்பெனியின் நேர அட்டவணை அவர் தலையில் விழுந்திருந்தது. ஒரு வரிசைக்கு ஏழு கட்டம். கம்ப்யூட்டரில் ஜம்மென்று கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். ஃபோனில் பார்த்தால் மூன்று கட்டம்தான் தெரியும், மிச்சம் நாலும் திரைக்கு வெளியே தொங்கும். பஸ் எந்தெந்தக் கிழமை ஓடும் என்பது தொங்குகிற நாலில் ஒன்று. ஓடாத பஸ்ஸுக்காக மழையில் நின்றவர்கள் கம்பெனியைக் கிழித்தார்கள். கம்பெனி பிக்சலின் மேலாளரைக் கிழித்தது. மேலாளர் பிக்சலைக் கூப்பிட்டு, அட்டவணை எந்தத் திரையிலும் அடங்கி நிற்கவேண்டும், அடுத்த திங்கட்கிழமை பஸ் கம்பெனி முதலாளி அம்மாவே நேரில் வந்து பார்ப்பார், அன்றைக்கு ஒரு கட்டம் வெளியே தொங்கினாலும் நீங்களும் வெளியேதான் என்றார்.

பிக்சலுக்குப் பயம் பிடித்தது. அடங்குவதில் அவருக்கு அனுபவம் உண்டு, அடக்கிப் பழக்கமில்லை.

அந்தப் பயத்தில்தான் அவருக்கு வீரம் வந்தது. "இந்த அட்டவணை அடங்குற வரைக்கும் என்னை எதுக்கும் கூப்பிடாத. வேலையே போயிடும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எதிரில் இருப்பவர் எழுத்தைப் படிக்கிறாரா, படிப்பதுபோல நடிக்கிறாரா என்று பார்த்தே சொல்லிவிடுவாள். அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு பாத்திரங்களைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அட்டவணை அடங்கிவிட்டது. திரை சிறியதானால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனிச் சீட்டாகப் பிரிந்துவிடும். இடது பக்கம் தலைப்பு, வலது பக்கம் விவரம். மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவள் ஃபோனை எடுத்துத் திறந்து பார்த்தார். ஒரு எழுத்துகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

முடிந்தது என்று சொல்ல எழுந்தார். கழுவ வேண்டிய பாத்திரங்கள் கண்ணில் பட்டன. உட்கார்ந்துவிட்டார்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும், அலுவலகம் விட்டு வந்ததும் மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொண்டு சத்தத்தை அணைத்துப் படம் பார்த்தார். மனைவி அறையைத் தாண்டும்போதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பெருமூச்சில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மனைவி ஃபோனோடு வந்து நின்றாள்.

"உங்க பஸ் அட்டவணை என் ஃபோன்ல திறந்தே கிடக்கு."

பிக்சல், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார்.

"பாவம், இன்னும் அடங்கவே இல்லையே" என்றாள்.

அவருக்கு உயிர் வந்தது. அட்டவணையைப் பார்த்தார். வந்த உயிர் போய்விட்டது. கிளம்பும் நேரம் சேரும் நேரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கிழமைகள் திரையைத் தாண்டி எங்கோ போயிருந்தன. செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்தது என்று வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. சொன்னால் மூன்று நாள் படம் பார்த்த கதையும் கூடவே வரும்.

அன்று விட்டது நிஜப் பெருமூச்சு. தன் ஃபோனில் பார்த்தார், ஒழுங்காக இருந்தது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் போய், என் மனைவி வைத்திருக்கிற அதே ஃபோன்தானே உங்களுடையது, ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தார். அதிலும் ஒழுங்கு. மனைவியின் ஃபோனில் மட்டும் நாசம். எழுதியதையெல்லாம் கலைத்து மறுபடி எழுதினார். எலக்ட்ரீஷியன் ஃபோனிலும் சேர்ந்து கெட்டுப்போனது. ஊருக்கெல்லாம் பஸ் நேரம் சொல்லப் புறப்பட்டவருக்குத் தன் நேரம் சரியில்லை என்பது புரிந்தது. இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள் என்று யோசித்தார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதார். வெளியே வந்தால், குழாயை ஏன் வீணாகத் திறந்துவிட்டீர்கள் என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் ஃபோனையும் அவள் ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. அவள் ஃபோனில் எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது.

"இதைக் கொஞ்சம் சின்னதாக்கேன்" என்று கெஞ்சினார்.

"எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் எழுத்தை இப்படித்தான் வெச்சிருக்காங்க. பஸ்ஸுக்கு நிக்கிற ஒவ்வொருத்தர் ஃபோனையும் பிடுங்கிச் சின்னதாக்குவீங்களா?"

திரையின் அகலத்தை அளந்தாரே தவிர, எழுத்தின் பருமனை அவர் நினைத்தே பார்க்கவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார். எழுத்து பெருத்தால் தலைப்பு மேலே, விவரம் அதற்குக் கீழே என்று இறங்கி நிற்கும்படி மாற்றினார். சாப்பிட மறந்து அன்று அவர் செய்தது, உண்மையிலேயே வேலை.

மறுநாள் பஸ் கம்பெனி அம்மா வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தன் ஃபோனை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் தண்டிக்கு இருந்தது. பிக்சல் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி பஸ் வரைக்கும் படித்துவிட்டு, இப்போதுதான் என் கம்பெனி பஸ் எப்போது வருமென்று எனக்கே தெரிகிறது என்றார். மேலாளர் பிக்சலின் முதுகில் தட்டினார். அந்தக் கம்பெனியின் மற்ற அட்டவணைகள் நாற்பதையும் இவரே செய்யட்டும், அலுவலகத்துக்கு வரக்கூட வேண்டாம், வீட்டிலேயே நிம்மதியாக உட்கார்ந்து செய்யட்டும் என்று உத்தரவானது.

வீட்டுக்கு வந்து அலுவலகத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி துணி மடித்தபடியே கேட்டாள். நன்றி பொங்க, உன் ஃபோனில் எழுத்து பெரிதாக இருந்ததால்தான் பிழைத்தேன், எப்போதிலிருந்து அப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"சனிக்கிழமை காலைல இருந்து. செவ்வாய்க்கிழமை குளிச்சிட்டு வந்து பார்த்தப்போ அழகா அடங்கியிருந்துச்சே."

பிக்சல் துணிக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மடிக்க ஆரம்பித்தார். ஒரு சட்டையை மடித்து முடித்த பிறகு, அப்படியென்றால் அன்றைக்கே கேட்டிருக்கலாமே என்று முனகினார்.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்கன்னு தெரியாதா? ஒரு அட்டவணைக்கு ரெண்டு நாள் போதும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. மிச்சம் நாப்பதையும் இங்கேயே உட்கார்ந்து செய்யுங்க. மூணாவது நாள் ஆச்சுன்னா சொல்லுங்க, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்கித் தர்றேன்."