உங்கள் தங்கைக்கு இப்போது ஏழு வயது

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். என் இடது இடுப்பு சம்மதிக்கவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் காதில் விழும். ஆகவே குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள் அல்லவா? இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் ஊரார் எலும்பையெல்லாம் எக்ஸ்ரே எடுத்தவளுக்கு ஒரு பிரிவுபசார விழா வைத்தார்கள். ஓய்வு பெறுகிறவர்களின் குழந்தைப் படத்தைப் பெரிதாக்கி மேடையில் மாட்டுவது அங்கே பழக்கமாம். இவளிடமும் கேட்டார்கள். ஏது படம்? உங்கள் அப்பா வீட்டுக் கூரை ஒழுகி, டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, அத்தனை படமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிப்போனது உங்களுக்குத் தெரியாததா? கூடவே ஓய்வு பெற்ற மருந்துக் கவுண்டர் அம்மா கொழுகொழுவென்று தொட்டிலில் சிரிக்க, இவள் பெயருக்கு நேரே ஒரு பூங்கொத்தின் படத்தை மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் நேரே படுக்கப் போய்விட்டாள். மறுநாள் காலையில் போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, "ஒரு வருஷத்துக்குத் தினம் ஒரு படம், என்னை நானே எடுக்கப்போறேன். ஒரே மூஞ்சியைத் திருப்பித் திருப்பி இல்ல, தினம் ஒரு கற்பனை" என்றாள். எனக்கென்ன தெரியும், தலையாட்டி வைத்தேன்.

முதல்ல பெரிசா சேதம் ஒண்ணும் இல்ல. கரண்டி முதுகுல தெரியுற மூஞ்சி, காயப்போட்ட போர்வைக்குப் பின்னால நிழல், இப்படியே போச்சு. அப்புறம் ஒருநாள், "சின்னப் பிள்ளையில நான் எப்படி இருந்தேன்னு காட்ட ஒரு துண்டுப் படம்கூட இல்லையே, அதையெல்லாம் இப்ப எடுத்துட்டா என்ன?"ன்னா பாருங்க, அன்னைக்குப் பிடிச்சது சனி. நேரா தையல்காரர்கிட்ட போயி, பஃப் கை வச்ச கவுன் வேணும்னு கேட்டிருக்கா. "பேத்தியைக் கூட்டிட்டு வாங்கம்மா, அளவெடுக்கணும்"னாராம் அவர். "நான்தான் பேத்தி, எடுங்க"ன்னாளாம் இவ. அந்தக் கவுனைப் போட்டு, ரெட்டைப் பின்னல் போட்டு, முன்பல்லுல கண்மையைப் பூசி, பல்லு விழுந்த ஏழு வயசுன்னு படம் எடுத்தா. எடுத்த கையோட மையைக் கழுவ மறந்துட்டு லிஃப்ட்ல கீழே போய் எங்க குடியிருப்புச் சங்கத் தலைவரைப் பார்த்துச் சிரிச்சிருக்கா. சாயங்காலம் எங்க கதவுக்கு அடியில ஒரு பல் டாக்டரோட விசிட்டிங் கார்டு கிடந்தது.

இதுக்கெல்லாம் மூலகாரணம் யாருன்னு நினைக்கிறீங்க? நீங்கதான், மைத்துனரே! எதைக் கேட்டாலும் "அண்ணன் செஞ்சுது"ங்கறா. கண்ணாமூச்சி ஆடுறப்ப அவளை அலமாரிக்குள்ள ஒளிச்சுவச்சிட்டு நீங்க பந்தாடப் போயிட்டீங்களாமே? அதையும் எடுக்கணும்னா. இவ உள்ளே பொம்மையோட உட்கார, நான் வெளியிலிருந்து கதவை லேசா சாத்தி இடுக்கு வழியா டார்ச் அடிக்கணும். "மூச்சை இழுத்துப் பிடிங்க"ன்னு உள்ளேயிருந்து சத்தம் போடுறா, ஆஸ்பத்திரிப் பழக்கம். நானும் பிடிச்சேன். படத்துல இருக்கப்போறது அவ, நான் எதுக்குப் பிடிக்கணும்னு தோணறதுக்குள்ள பூட்டு விழுந்துடுச்சு. சாவியும் உடைஞ்சுது. தச்சரைக் கூப்பிட்டேன். அவர் திறந்து பார்த்தா, கவுன் போட்ட ஒரு பெரியம்மா பொம்மையைக் கட்டிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. மனுஷன் கூலியை வாங்கிக்கிட்டு என்னை மாடிப்படிப் பக்கம் ஒதுக்கி, "சார், எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்"னார்.

அடுத்தது சைக்கிள். முன்கம்பியில இவளை உட்காரவச்சு நீங்க ஓட்டுவீங்களாம். உங்களுக்குப் பதிலா நான், அரை டிராயரோட! காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூல்ல பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பிரேக் போட்டவன் நான். எங்க கல்யாண வாழ்க்கையில என் கால்பக்கம் பிரேக்கே கிடையாதுங்கறது உங்களுக்குத் தெரியும். தெருமுனையில எங்க ஸ்கூல் காரே எதிர்ல வந்தது. கத்துக்க வந்த பையன் என் டிராயரைப் பார்த்து வண்டியை நிறுத்த, நான் காரைப் பார்த்து ஹேண்டிலை விட, அங்கேதான் இடுப்பு போச்சு. இவளுக்கு ஒரு கீறல் இல்ல. விழுந்து கிடக்குறப்பவும், தெருவோரம் ஸ்டாண்டுல நிறுத்தியிருந்த போனுக்கான ரிமோட்டைக் கையில அமுக்கிட்டா. படம் நல்லா வந்திருக்கு.

ஒண்ணை மட்டும் பார்த்துச் சிரிக்க முடியல. நீங்க வேலை கிடைச்சு வெளியூர் கிளம்பின நாள். நீங்க விட்டுட்டுப் போன சட்டைன்னு சொல்லி என் பழைய சட்டை ஒண்ணைப் போட்டுக்கிட்டு, வாசற்கதவுல கன்னத்தை வச்சு நின்னா. "இதுக்கு விளக்கு வேணாம், நீங்க உள்ளே போங்க"ன்னா. அப்புறமா போன்ல பார்த்தேன். நான் இவளைப் பொண்ணு பார்த்தப்ப இவளுக்கு இருபத்திநாலு வயசு. அந்தப் படத்துல நின்ன பிள்ளையை எனக்குத் தெரியவே தெரியாது.

"அன்னைக்கு அழுதியா?"ன்னு கேட்டேன்.

"இல்ல. அண்ணன் திரும்பிப் பார்த்திருந்தா அழுதிருப்பேன்."

நீங்க ஏன் திரும்பிப் பார்க்கலைன்னு எழுதுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்.

எப்படியோ, எனக்கு இனிமே தெம்பில்ல. உடனே புறப்பட்டு வந்து, மூத்தவர் என்ற முறையில் நீங்கள் சொல்லி இதை நிறுத்த வேண்டுகிறேன். நீங்கள் சொன்னால் மட்டுமே கேட்பாள்.

உங்கள் இல்லத்தரசியாருக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் பெயரும் புகழுமாக நீடூழி வாழ என் ஆசிகள். உங்கள் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வாளியின் மேலிருந்து,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து, இந்தக் கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. அதுக்குள்ள வருஷமும் முடிஞ்சுபோச்சு. எங்க கல்யாணத்துக்கு முதல்நாள் வரைக்குமான படங்களோட நிறுத்திட்டா. "அதுக்கப்புறம்தான் ஆல்பம் இருக்கே"ன்னு சொல்லி, போன் ஸ்டாண்டை மடக்கிப் பரண்ல போட்டுட்டா. இன்னைக்குக் காலையில பழக்கதோஷத்துல நான் விளக்கைத் தூக்கிட்டு ஹாலுக்கு வந்து நிக்கிறேன், அவ பேப்பர் படிச்சிட்டிருக்கா. "என்னங்க?"ன்னா. "ஒண்ணுமில்ல, பல்பு எரியுதான்னு பார்த்தேன்"னேன். மைத்துனரே, நீங்க நேர்ல வந்து எதையும் நிறுத்த வேணாம். அவ சின்ன வயசுல செஞ்ச சேட்டை, அவ மறந்துபோனது, ஏதாவது இருந்தா எழுதி அவளுக்கே போடுங்க. ஒண்ணும் ஞாபகம் வரலைன்னா நீங்களே இட்டுக்கட்டி எழுதுங்க.