எவரிஸ்தோவின் ஏழாவது சிவப்பு

விமான இறக்கையில் துளை போட்டுக்கொண்டிருந்த எவரிஸ்தோவின் டிரில்லில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஸ்பெயினின் காதிஸ் நகர விமானத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாகத் துளை போடுகிறவர். அவர் போட்ட துளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கே சுரங்கம் போய்விடும். டிரில்லை இறக்கையில் பொருத்திப் பொத்தானை அழுத்தினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். இப்போது அதன் தலையில் புதிதாக ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. அதிர்வைக் கவனித்து, நல்ல துளைக்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு என்று தீர்ப்புச் சொல்லும்.

முதல் சிவப்பு நியாயமானதுதான். டிரில் பிட் மழுங்கியிருந்தது. மாற்றிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் பெட்டியைப் பொருத்த பில்பாவோ நகரிலிருந்து வந்திருந்த பொறியாளர் இட்சியார் ஓடி வந்தாள். "சிவப்பு உங்க தாளத்தால வர்றது! பெட்டி குழம்புது."

ஊரின் கார்னிவல் திருவிழாப் பாட்டுக்குழுவில் பெரிய மேளம் அடிப்பவர் எவரிஸ்தோ. வேலை செய்யும்போதும் விரல் முட்டி இறக்கையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

"ஒரே நாள்ல ஏழு சிவப்பு வந்தா உங்களைக் கிடங்குக்கு அனுப்பிடுவாங்க, தெரியும்ல?"

"கிடங்கா? அங்க மேளம் அடிச்சா அட்டைப்பெட்டிதான் கேட்கும், மகளே!"

தாளம் போடும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, மறு கையால் பொத்தானை அழுத்தினார். சிவப்பு.

"ரேடியோவை நிறுத்துங்க!"

சிவப்பு.

பக்கத்தில் ரிவெட் ஆணி அடித்தவர்களை நிறுத்தினாள். சிவப்பு. காப்பி இயந்திரத்தின் வயரைப் பிடுங்கினாள். நானூறு பேர் கண்ணீர் விட்டார்கள். சிவப்பு. கடைசியில் எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்தார்கள். காதிஸ் உண்டான மூவாயிரம் வருடத்தில் அந்த ஊர் அப்படி வாய்மூடி இருந்ததே இல்லை.

சிவப்பு!

அளந்து பார்த்தால் ஒவ்வொரு துளையும் கன கச்சிதம்.

"பெட்டி தப்பு பண்ண வாய்ப்பே இல்லையே..." இட்சியாரின் குரல் இறங்கியது. "ஆறு ஆயிடுச்சு, எவரிஸ்தோ."

"கிடங்குக்குப் போறதுதான் போறேன், முறையா விடைபெற்றுட்டுப் போறேன்." இறக்கையில் முட்டியால் தாளம் போட்டபடியே பொத்தானை அழுத்தினார்.

பச்சை.

இன்னொரு துளை. பச்சை! இன்னொன்று. பச்சை!

இட்சியார் குனிந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். தரையைக் கூட்டிக்கொண்டிருந்த மிலாக்ரோஸ் துடைப்பத்தின் மேல் சாய்ந்தாள்.

"ஏம்மா, நல்ல துளை எப்படி இருக்கும்னு பெட்டிக்குக் கத்துக்குடுக்க, பிப்ரவரி பூரா இந்த மனுஷன் துளை போடுற அதிர்வைத்தானே பதிவு பண்ணீங்க? கார்னிவல் மாசம்மா அது! தாளம் இல்லாம ஒரு நல்ல துளையை அந்தப் பெட்டி எங்க பார்த்துச்சு?"