மாப்பிள்ளை கை வைத்த பெல்ட்

மதிப்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். மாவு மில் மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், குறிப்பாக நீங்கள் அங்கேயே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அத்தையிடம் போனில், "மாமாவுக்கு வயசாயிடுச்சு, நான் வேலைய விட்டுட்டு வந்து மில்லப் பாத்துக்கறேன்" என்று சொன்னீர்களாம். என் மகளுக்கு அங்கே உத்தியோகம் இருப்பதால் அவளும் குழந்தையும் அங்கேயே இருப்பார்களாம், நீங்கள் மட்டும் வருவீர்களாம். இந்த மாதக் கடைசியில் ராஜினாமா கொடுக்கப் போகிறீர்களாம். கேட்டதும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காகத் துடைக்கவில்லை. இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "மாப்பிள்ளைகிட்ட மரியாதையாப் பேசுங்க" என்று விரலை ஆட்டுகிறாள். அதனால்தான் கடிதம். தயவுசெய்து ராஜினாமா செய்யாதீர்கள். இதைச் சொல்லிவிட்டு இங்கேயே கையெழுத்துப் போட்டு முடித்திருப்பேன், ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் மாமா தன்னடக்கத்தால் மறுக்கிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

போன விடுமுறைக்கு வந்திருந்தீர்களே, அப்போது மில்லைப் போட்டதும் 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது. மோட்டாரிலிருந்து அரைக்கிற கல்லுக்குப் போகிற மூன்று பெல்ட்டும் லேசாகத் தளர்ந்திருந்தன, அவ்வளவுதான் சங்கதி. மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்தி, விரற்கடை அளவு பின்னால் இழுத்து, மறுபடி முடுக்கினால் தீர்ந்தது. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிவதற்குள், இஸ்திரி போட்ட சட்டையோடு நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்து "விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். மாப்பிள்ளை கேட்டு ஸ்பேனரைக் கொடுக்காத மாமனார் உலகத்தில் உண்டா? கொடுத்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டு எண்ணெய்ப் புட்டியைக் கேட்டீர்கள். "சத்தம் வந்தா எண்ணெய் விடணும் மாமா, கதவு கீல் மாதிரிதான்" என்று சொல்லி மூன்று பெல்ட்டுக்கும் தாராளமாக விட்டீர்கள். சத்தம் நின்றது, ஒத்துக்கொள்கிறேன். "பாத்தீங்களா, கை வச்ச உடனே நின்னுடுச்சு!" என்று அத்தை பூரித்துப்போனாள். மோட்டார் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, பெல்ட் வழுக்கிக்கொண்டு நின்றது, கல் அசையவே இல்லை. ஓடாத மில் எப்படி மாப்பிள்ளை சத்தம் போடும்?

பெல்ட்டுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது, துணியால் துடைத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் திறந்த வாயால் கொட்டாவி விட்டுச் சமாளித்தேன். அதற்குள் உங்களுக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. எண்ணெயை மாவு உறிஞ்சும் என்று சொல்லி, வாடிக்கையாளருக்கு அரைத்து வைத்திருந்த கோதுமை மாவிலிருந்தே இரண்டு கை அள்ளிப் பெல்ட்டில் தூவினீர்கள். உறிஞ்சியது, நன்றாகவே உறிஞ்சியது. உறிஞ்சிப் பிசைந்த மாவாகி, பெல்ட் ஓடுகிற சக்கரத்தின் பள்ளங்களில் எல்லாம் அப்பிக்கொண்டு, வழுக்குகிற சூட்டில் வெந்தும் போனது. வாசனை தெருக்கோடி வரை போனதில் இரண்டு பேர் வந்து "புதுசா ரொட்டிக்கடை போட்டிருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அத்தை அதையும் உங்கள் கைராசி என்றுதான் சொன்னாள்.

அப்புறம்தான், ஆண்டவன் புண்ணியத்தில், பெல்ட் தளர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் உங்களுக்கே வந்தது. சந்தேகம் வந்ததோடு நின்றிருக்கலாம். கடப்பாரையைக் கொடுத்து மோட்டாரை நெம்பித் தள்ளினீர்கள், தள்ளினீர்கள், சுவர் குறுக்கே வராவிட்டால் பக்கத்து வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பீர்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்க வேண்டும், அதுதான் கணக்கு. உங்கள் பெல்ட்டை அழுத்தியதில் என் விரல்தான் அமுங்கியது. "டைட்டா இருந்தா நல்லதுதான் மாமா" என்று அதைச் சுண்டிவிட்டுக் காட்டினீர்கள், 'டொய்ங்' என்றது, பேத்தி கைதட்டினாள். நானும் தட்டினேன், வேறென்ன செய்வேன். அப்படி முறுக்கியதில் மோட்டார் அச்சைத் தாங்குகிற பேரிங் முனகி, சூடாகி, புகைந்து, மறுநாள் செத்தே போனது. அதே இழுவையில் ஒரு பெல்ட்டும் அறுந்தது. புகையைப் பார்த்து எதிர்க்கடைத் தையல்காரர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தபோது, "ஒண்ணுமில்ல, மாப்பிள்ளை ரிப்பேர் பண்றாரு" என்று அத்தை பெருமையாகச் சொன்னாள். அவர் வாளியை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். விவரமான மனுஷன்.

புதுப் பேரிங் போட்டது மெக்கானிக், அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பெல்ட்டுக்கு மட்டும் "அந்தாளு எதுக்கு மாமா, நானே மாட்டிடறேன்" என்று அவரை அனுப்பிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. மூன்றும் சேர்ந்து இழுக்கிற இடத்தில் ஒன்று போனால் மூன்றையும் மாற்ற வேண்டும். நீங்கள் "மத்த ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீணாக்கணும்" என்று ஒன்றே ஒன்றை வாங்கி வந்தீர்கள். பழசு இரண்டும் நீண்டு தொளதொளவென்று ஆட, புதுசு ஒன்றே தன்னந்தனியாக மொத்தச் சுமையையும் இழுத்தது. கல்யாண வீட்டில் ஒருத்தன் பந்தி பரிமாற, இரண்டு பேர் வாசலில் நின்று கதை பேசுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அதையும் மோட்டாரைத் தளர்த்தி மாட்டாமல், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினீர்கள். உள்ளே இருக்கிற நூலெல்லாம் அப்போதே அறுந்து, வெளியே மட்டும் மினுமினுவென்று இருந்தது. போதாக்குறைக்குக் கடப்பாரை வைத்தியத்தில் மோட்டார் கோணலாகி, இரண்டு சக்கரமும் ஒன்றை ஒன்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் பச்சைப்பிள்ளைக்குக்கூடக் கோணல் தெரிந்திருக்கும். சொன்னேன். "கண்ணாலயே தெரியுது மாமா, நேராத்தான் இருக்கு" என்றீர்கள். சுவிட்சைப் போட்டதும் புதுப் பெல்ட் ஓரம் தேய்ந்து, புரண்டு, வாசல் வழியாகப் பறந்து தையல்காரர் மேசையில் போய் விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "அண்ணே, உங்க மில்லு தானா என் கடைக்கு வந்துடுச்சு" என்றார். யார் தலையிலும் விழாதது என் அப்பன் செய்த புண்ணியம்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, நீங்கள் அனுப்பிவிட்டவர் வர மறுத்ததால் வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். உள்ளே குனிந்து பார்த்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை, பிறகு "யாருண்ணே இதுல கை வச்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு "எலி" என்றாள். மாப்பிள்ளை பேர் கெட்டுவிடக் கூடாதாம். மெக்கானிக் அவளை ஒருதரம் பார்த்தார், சக்கரத்துப் பள்ளத்தில் வெந்துபோயிருந்த மாவை ஒருதரம் பார்த்தார். "எலி சரிக்கா, அது ஸ்க்ரூடிரைவர எங்க வச்சுட்டுப் போச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க, இங்க ஒண்ணு கெடக்கு" என்றார். இப்போது தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்தால் "எலி சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார்கள். சௌக்கியம் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் கூடப் போகட்டும் மாப்பிள்ளை. பெல்ட் போனால் வாங்கலாம். என் மகள் வருஷத்துக்கு ஒருதரம் வருகிறாள். அந்தக் கொஞ்ச நாளையும் நான் மில்லுக்குள் மண்டிபோட்டு உங்களுக்கு டார்ச் அடித்தே கழித்தேன். அவள் இரண்டு தடவை வந்து "அப்பா, கொஞ்ச நேரம் வந்து உக்காருங்களேன்" என்று கூப்பிட்டாள். "இதோ வர்றேம்மா" என்றேன். பஸ் ஏற்றிவிடுகிற வரைக்கும் போய் உட்காரவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. இனி நீங்கள் தனியாக இங்கே வந்து, அவள் தனியாக அங்கே கிடந்து, நான் வருஷம் பூரா டார்ச் அடித்துக்கொண்டு நிற்பதா? என்னால் ஆகாது சாமி. உங்களுக்குக் குளிர்சாதன அறை இருக்கிறது, தானே சுற்றுகிற நாற்காலி இருக்கிறது, அதில் பெல்ட்டும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து நிம்மதியாகச் சுற்றுங்கள்.

எல்லா வளமும் பெற்று, இருந்த இடத்தை விட்டு அசையாமல், நீண்ட நாள் வாழ்க என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். அவளுக்கும் இங்கேயே மாற்றல் கிடைத்துவிட்டதாம், உங்களுக்கே காலையில்தான் தெரியுமாம், பேத்தியை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு நம் மாடியிலேயே எல்லாரும் இருக்கலாமா என்று கேட்டாள். அத்தை போனை வாங்கிப் பேசினாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், இத்தனை தாள் எழுதியாகிவிட்டது, வீணாக்கக் கூடாது என்கிறாள். ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியையும் படிக்க வேண்டாம். மாதக் கடைசி வரை எதற்குக் காத்திருக்கிறீர்கள், நாளைக்கே ராஜினாமா கொடுங்கள். மில் ஓடினால் ஓடட்டும், நின்றால் நிற்கட்டும். என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வாங்க மாப்பிள்ளை.