அன்னத்தின் வாலும் ஒரு விராலும்

வெசாக் லீவுக்கு மீன் பிடிக்கப் போற எண்டு முடிவெடுத்தன்.

முடிவெடுக்கிறது சுகம். எங்க போற எண்டதிலதான் சிக்கல்.

எனக்கு வாவிக்கரை. நிழல் இருக்கு, பக்கத்திலயே தேத்தண்ணிக் கடை இருக்கு. ஏறாவூர்க் கூட்டாளி நசீருக்கு ஆறு. "வாவிக்கரையில ஆக்கள்தான் மச்சான் இருப்பாங்க. மீன் ஆத்திலதான் இருக்கும்" எண்டான்.

கிழமை முழுக்கப் போன்ல இதே வழக்கு. சாப்பிடக்குள்ளயும் போன், குளிக்கப் போகக்குள்ளயும் போன். இடையில மனிசி வந்து என்னமோ சொன்னா. "ஓம் ஓம்" எண்டன்.

எனக்கு இது விளையாட்டில்ல. கலியாணம் கட்டின நாளில இருந்து தூண்டிலோட போய் வாறன், இன்னும் ஒரு மீன் வீட்டுக்கு வரல்ல. "அவர் மீனுக்குச் சாப்பாடு குடுத்திட்டு வாறவர்" எண்டு மனிசி பக்கத்து வீட்டு ராணி அக்காவிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இந்த முறை அந்த வாயை அடைக்கோணும்.

கடைசியில என்ட பிடிவாதம்தான் வெண்டது. லீவு நாள் காலையிலயே வாவிக்கரைக்குப் போனம்.

போனா, நாட்டில உள்ள லீவுக்காரர் எல்லாம் அங்கதான். வேன் வேனாக் கொழும்பு ஆக்கள். இருந்த இடைவெளிக்குள்ள நான் தூண்டிலை வீச, மிதிபடகு ஒண்டு குறுக்கால வந்துது. அன்னம் மாதிரிச் செய்த படகு. தூண்டில் முள்ளு அன்னத்தின்ட வாலில கொளுவிற்று. படகில இருந்த குடும்பம் ஒண்டும் தெரியாம மிதிக்குது. நான் தடியையும் பிடிச்சுக்கொண்டு கரையால ஓடுறன்.

கரையில நிண்ட ஒரு ஐயா ஆறுதலாக் கேட்டார்: "தம்பி, இது எத்தின கிலோ வரும்?"

நசீர் அதுக்குள்ள மோட்டச்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிற்று நிண்டான். வாயால ஏசியிருந்தாக் கூடப் பரவாயில்ல.

ஆத்துக்குப் போனம். கனநேரம் நாங்க தண்ணியைப் பாத்தம், எருமை எங்களைப் பாத்துது. பிறகு தடி வளைஞ்சுது. இழுத்தா விரால். கை நீளம் வரும். சத்தியமா எனக்குக் கண் கலங்கிற்று.

கேற்றடியில நிண்டே மீனைத் தூக்கிப் பிடிச்சு மனிசியைக் கூப்பிட்டன். ஓடி வந்தவ என்னை வாசல்லயே மறிச்சுப்போட்டா.

"ஐயோ, உள்ளுக்குக் கொண்டு வராதீங்க. நேத்து அம்மன் கோயில் கதவு திறந்தாச்செல்லா? சடங்கு முடியுமட்டும் ஊரில ஒருத்தரும் மீன், இறைச்சி எண்டு மச்சம் தொடமாட்டாங்க."

"இதை ஏன் கா முதல்ல சொல்லல்ல?"

"எத்தின தரம் சொன்னன். நீங்க வாவியா ஆறா எண்டு போன்ல கத்திக்கொண்டே ஓம் ஓம் எண்டீங்க."

பின்னால நிண்ட நசீர் மெதுவா இருமினான். "வீணாக்கப்படாது மச்சான்" எண்டு மீனை வாங்கிப் பையில போட்டுக்கொண்டு போயிற்றான்.

பகலைக்கு எனக்குப் பூசணிக்காய்க் கறி. சாப்பிட்டுக்கொண்டு இருக்கக்குள்ள நசீர் போன்ல விரால் குழம்பின்ட படம் அனுப்பினான். கீழ "ஆத்து மீன் ஆத்து மீன்தான்" எண்டு ஒரு வரி வேற.

பின்னேரம் வேலிக்கு அங்கால ராணி அக்கான்ட குரல் கேட்டது. "உங்கட அவருக்கு இண்டைக்கு மீன் ஏதும் பட்டதா?"

நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தன். ஆனா, கோயில் கதவு திறந்த ஊரில புருசன் மீன் பிடிச்சவர் எண்டு எந்த மனிசி சொல்லுவா?

"எப்பயும் போலதான் அக்கா. வெறுங்கையோடதான் வந்தவர்."