பெரியவர் ட்வுமாசியின் மூக்கு

திரையில் பெரியவர் ட்வுமாசியின் நெற்றி வந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது. மூக்கு இன்னும் வரவில்லை.

"பிணவறைல பெட்டியை இழுத்தா ஒரே இழுப்புல முழுசா வந்தாரு" என்றான் ஒபெங். "இங்கதான் தவணை முறைல வர்றாரு."

ஒபெங் இறந்தவரின் அக்கா மகன். கறுப்புத் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு போஸ்டர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை அடக்கம். சாவுப் போஸ்டர் மூன்று மணி வேனில் குமாசி அச்சகத்துக்குப் போகாவிட்டால், மாம்போங் ஊரில் ஒரு சுவரிலும் பெரியவர் இருக்கமாட்டார். போஸ்டர் ஒட்டாத சாவுக்கு யாரும் வரமாட்டார்கள். மணி அப்போது ஒன்று.

அம்போன்சா மேசைக்கு அடியில் இருந்தான். ஊரிலுள்ள பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம் பழுது பார்ப்பவன் அவன்தான். ஒபெங்கின் தங்கையைக் கட்டிக்கொள்ளத் துடிப்பவனும் அவன்தான். அடுத்த மாதம் ஊர் வழக்கப்படி மது பாட்டிலோடு போய்ப் பெண் வீட்டுக் கதவைத் தட்டிப் பெண் கேட்க வேண்டும். தாய்மாமன் போய்ச் சேர்ந்துவிட்டதால், கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது இனி ஒபெங்கின் கையில்.

"பத்து நிமிஷம் மச்சான். எங்க அடைக்குதுன்னு பாத்துட்டாப் போதும்."

"போஸ்டர் வரட்டும். அப்புறம் மச்சான்."

போஸ்டர் தயாரிக்கும் அஃப்ரியே, மூலையில் பொரித்த மீனை வைத்துக்கொண்டு, சோள மாவுக் கெங்கே உருண்டையைப் பிட்டு மிளகாய் அரைப்பில் தொட்டுக்கொண்டிருந்தாள். "மாஸ்டர், கோளாறு பெட்டில இல்ல..."

"நீ சாப்பிடு."

தொழில் கற்றுக்கொடுத்தவனுக்கே பாடம் எடுக்க வருகிறாள் என்று அவனுக்கு எரிச்சல்.

"மெமரி நிரம்பி வழியுது" என்று அறிவித்தான். அது உண்மைதான். சந்தைக்குப் போயிருந்த முதலாளியம்மாவின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மெமரிப் பட்டையை உருவி இதில் செருகினான். பெட்டி மூன்று முறை கூவிவிட்டு அடங்கியது. பதறிப்போய் எல்லாவற்றையும் உருவி, துடைத்து, ஊதி, மறுபடி செருகியதில் இரண்டு பட்டைகள் செத்துப்போயின. இந்தப் பெட்டிக்கு முன்பிருந்த மெமரியில் பாதிதான் மிச்சம். முதலாளியம்மாவின் பெட்டி கூவக்கூட இல்லை.

இப்போது நெற்றி வருவதற்கே அரை மணி நேரம் ஆனது.

"டேய்" என்றான் ஒபெங். "மாமா வர்றதுக்கு முன்னாடி, தலைல மஞ்சத் துணி கட்டின அம்மா ஒருத்தங்க திரைல எட்டிப் பாத்துட்டுப் போனாங்க."

அம்போன்சா மேசைக்கு அடியிலிருந்தே பதில் சொன்னான். "வைரஸ்."

"வைரஸ் தலைல துணி கட்டுமா?"

"இது புது வைரஸ்."

"மாஸ்டர், அது வந்து..." என்றாள் அஃப்ரியே.

"மீன் ஆறிடும். சாப்பிடு."

வைரஸ் தேடும் புரோகிராமை ஓடவிட்டான். மீதி ஏழு மணி நேரம் என்று காட்டியது. ஹார்ட் டிஸ்கின் சிவப்பு விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டு ஒரேயடியாக எரிந்தது. பெட்டி சுட்டது.

"சூடு. இதைத்தான் நான் முதல்லேருந்து சொல்றேன்."

அவன் சொல்லவே இல்லை. பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசியில் பல்லி முட்டை இரண்டு. விசிறியில் சிக்கியிருந்த தூசியைக் கரண்டியால் நெம்பியபோது இறக்கை ஒடிந்தது. உடனே மேசை விசிறியைத் தூக்கிப் பெட்டிக்கு முன்னால் வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டான். பெட்டி குளிர்ந்ததோ இல்லையோ, போஸ்டரில் போட வேண்டிய துக்கம் கொண்டாடுவோர் பட்டியல், மொத்தம் ஆறு தாள், வாசல் வழியாகப் பறந்து சாக்கடைப் பக்கம் போயிற்று. ஒபெங் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஐந்து தாளோடு திரும்பினான்.

"மூணாவது தாளை ஆடு தின்னுடுச்சு."

"அதுல யாரு இருந்தாங்க?"

"அத்தை புருஷன் வீட்டு ஆளுங்க."

"அந்த ஆட்டைப் புடிச்சு..."

"விடு. தின்னட்டும்." ஒபெங் முழங்கால்வரை சேறாக இருந்தான். "இந்த மெஷினை இப்படி ஆக்கினவன் எவன்னு மட்டும் எனக்குத் தெரியணும். மாமாவோட சேத்து அவனையும் குழிக்குள்ள இறக்குறேன். நீ அதைச் சரி பண்ணு. நாளைக்கே வந்து கதவைத் தட்டு, நானே திறக்குறேன்."

நாளைக்கே என்றதும் அம்போன்சா பெட்டிமேல் பாய்ந்தான். வைரஸ் தேடலை நிறுத்தத் தெரியாமல் மின்வயரையே பிடுங்கினான். திரும்பப் போட்டபோது போஸ்டர் ஃபைல் திறக்கவே மறுத்தது. நெற்றியும் போயிற்று.

மணி இரண்டு இருபது. அவன் பல்லி முட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அஃப்ரியே விரல்களை நக்கினாள், கை கழுவினாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பென்டிரைவிலிருந்த படத்தை அதில் இட்டாள். பெரியவர் ட்வுமாசி ஒரே நொடியில் வந்து நின்றார். மூக்கு, மீசை, இரண்டு காதும். பட்டியலைத் தட்டினாள். எழுத்துகள் விரலுக்கு முன்னால் ஓடின.

அம்போன்சா மெல்ல எழுந்து மேசை விசிறியின் தலையில் கை வைத்தான்.

"சூடுதான்" என்றான்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேன் ஓட்டுநரின் கைக்குப் பென்டிரைவ் போனது. ஒபெங் திரும்பி வந்து, சேறும் துணியுமாக அம்போன்சாவைக் கட்டிப் பிடித்தான்.

"மச்சான்" என்றான்.

அம்போன்சா கண்ணை மூடிக்கொண்டான். நாளைக்கு எந்தச் சட்டை போடுவது என்றுகூட யோசித்துவிட்டான்.

ஒபெங் வாசல்வரை போய் நின்றான். "ஆமா, அந்த மஞ்சத் துணி அம்மா யாரு? அதுவும் சூடா?"

"சூடு ஏறினா மச்சான், திரைல சில நேரம்..."

அஃப்ரியே மிச்ச மீனின் முள்ளை எடுத்தபடி தலை நிமிராமல் சொன்னாள்:

"அவங்க ரொட்டிக்கடை அம்மா, போன மாசம் போனவங்க, அந்தப் பழைய ஃபைல்ல அவங்களுக்கு அடியில இன்னும் முன்னூத்திப் பன்னெண்டு பேரு படுத்திருக்காங்க, ஏன்னா 'எதையும் அழிக்காத, பழைய ஆள் மேலயே புது ஆளை வெச்சு மூடு'ன்னு பதினோரு வருஷம் முன்னாடி எனக்குச் சொல்லிக்குடுத்ததே நம்ம மாஸ்டர்தான்."