முட்டைக்கு ஒரு யானை

ஒரு காட்டில் ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. புலியும் மானும் ஒரே துறையில் தண்ணீர் குடித்ததாகப் பழைய கதைகளில் வருமே, அப்படிப்பட்ட காடு இல்லை இது. இங்கே புலி மானைத் துரத்தத்தான் செய்யும். ஆனால் மேட்ச் முடிந்த பிறகுதான் துரத்தும். ஏனென்றால் மான்தான் விக்கெட் கீப்பர்.

அணித்தலைவர் சடையாண்டி என்ற கரடி. அவர் மட்டையைச் சுழற்றினால் பந்தாக இருக்கும் விளாங்காய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் விழும். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. காடுகளுக்கு இடையே நடக்கும் போட்டியில் ஜெயிக்கிற அணிக்கு எல்லையிலுள்ள இலுப்பைத் தோப்பு அந்தக் கோடை முழுக்கச் சொந்தம். தோற்றவர்கள் தூரத்தில் நின்று வாசனை பிடிக்கலாம். சடையாண்டி பிறந்ததிலிருந்து வாசனை மட்டும்தான் பிடித்திருக்கிறார். ஒரு கரடிக்கு இதைவிடக் கொடுமை இருக்க முடியாது.

குறையெல்லாம் பந்துவீச்சில். முள்ளம்பன்றிதான் பந்து வீசும். பந்து முள்ளில் குத்திக்கொள்ளும், பந்தோடு சேர்ந்து அதுவும் போய் விழும். அம்பயர் ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாததால் ஒன்றும் சொல்லாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் போட்டிகள் முடிந்தபோது அணி நான்காம் இடத்தில் இருந்தது.

அப்போது மேட்டுக்காட்டிலிருந்து கீரி துரைக்கண்ணு வந்தது. மேட்டுக்காடு கடைசி இடம். ஆனால் அவர்களிடம் யானை வேலாத்தாள் இருந்தாள். அவள் தும்பிக்கையால் வீசினால் பந்து போனது தெரியாது, ஸ்டம்ப் போனதுதான் தெரியும்.

"எங்களுக்கு இந்த வருசம் போச்சுங்க," என்றது கீரி. "வேலாத்தாளை நீங்க எடுத்துக்கங்க. பதிலுக்கு அந்த முட்டையைக் குடுங்க."

காடே ஓடிப்போய் முட்டையைச் சுற்றி நின்றுகொண்டது.

முட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு புதரடியில் கிடந்தது. யார் இட்டது என்று தெரியவில்லை. ஒருநாள் சரிவில் உருண்டு, கல்லில் பட்டு, இடதுபக்கம் திரும்பியது. அவ்வளவுதான். "லெக் ஸ்பின்!" என்று குரங்கு கத்தியது. "விளையும் பயிர் முளையிலே தெரியும்," என்றது ஆமை நிதானமூர்த்தி. அன்றிலிருந்து முட்டைதான் காட்டின் வருங்கால நட்சத்திரம். பருந்து அதைத் தன் இனம் என்றது. முதலையோ கண்ணும் மூக்கும் அப்படியே தன் சாடை என்றது. முட்டைக்கு ஏது கண்ணும் மூக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆற்றங்கரைப் பாறையில் கூட்டம் கூடியது.

"குடுத்துடுங்க," என்றது கிளி சௌந்தரம். "காத்திருந்தா பழுக்கும்னு எங்க குடும்பத்துல ஒருத்தர் இலவ மரத்துல உக்காந்திருந்தார். இன்னிக்கும் ஊரே அவரைச் சொல்லித்தான் சிரிக்குது."

"அவசரப்படாதீங்க," என்றது ஆமை. "இன்னும் ஒரு எழுபது எண்பது வருசம் பொறுத்தா, அந்த முட்டை உலகத்தையே ஆளும்."

"அதுவரைக்கும் நான் வாசனை பிடிச்சுட்டு இருக்கவா?" என்றார் சடையாண்டி.

"கேக்குறது கீரிங்க," என்றது மான். "கீரிக்கு முட்டை எதுக்குன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

துரைக்கண்ணு நெஞ்சில் கை வைத்தது. "முட்டைன்னா எங்களுக்கு உசுருதான், இல்லேங்கல. ஆனா இது முட்டை இல்லீங்க, எதிர்காலம். எதிர்காலத்தை யாராவது திம்பாங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சடையாண்டி தனியாக எழுந்துபோய் முட்டையின் அருகில் உட்கார்ந்தார். "கண்ணு, உன்னை அனுப்ப மனசு வரலை. ஆனா இலுப்பைப்பூ..." என்றார். கண்ணிலும் நீர் வந்தது, வாயிலும் நீர் ஊறியது. இரண்டும் உண்மையான நீர்தான்.

"தலைவரே, தயவுசெஞ்சு அனுப்பிடுங்க," என்றது ஒரு குரல் ஓட்டுக்குள்ளிருந்து. "நான் வெறும் கோழிக்குஞ்சு. பொரிய வேண்டிய நாள் எப்பவோ போச்சு. நீங்கல்லாம் பேசுறதைக் கேட்டு பயத்துல உள்ளேயே உக்காந்துட்டேன். எனக்குப் பந்து வீச வராது. கையே கிடையாதுங்க."

"அன்னிக்கு இடதுபக்கம் திரும்பினியேப்பா?"

"புரண்டு படுத்தேன்."

சடையாண்டி நீதிக்கதைகளில் பிறந்து வளர்ந்த கரடி. பொய்யே வராது. நேரே கீரியிடம் போனார். "துரைக்கண்ணு, உன்னை ஏமாத்த மனசு வரலை. அது வெறும் கோழி."

கீரி விழுந்து விழுந்து சிரித்தது. "காதுல பூ சுத்தாதீங்க. பொருளை விட மனசில்லாம மட்டம் தட்டுறீங்க. சரி, வேலாத்தாளோட எங்க ஃபீல்டர் முயலையும் தர்றேன்."

"சத்தியமா கோழிப்பா. அதுவே வாயைத் திறந்து சொல்லுச்சு."

"இந்த வயசுலயே பேசுதா!" கீரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அப்ப நரியையும் சேத்துக்கங்க!"

சடையாண்டி மூன்றாம் முறை வாயைத் திறந்தார். மான் தன் குளம்பால் பொத்தியது.

வேலாத்தாள் வந்தாள். அணி ஜெயித்தது. அந்தக் கோடையில் சடையாண்டி இலுப்பைத் தோப்பில் படுத்துக்கொண்டே சாப்பிட்டார், உதிர்கிற பூ நேராக வாயில் விழுந்தது. அவரைப் போலச் சந்தோஷமான கரடி எந்தக் காட்டிலும் இல்லை.

மேட்டுக்காட்டில் கீரி தன் வாயைக் கொடியால் கட்டிக்கொண்டு முட்டைக்குக் காவல் இருந்தது. அடுத்த வருடம் அவர்கள் முட்டையைக் கொடுத்து ஆற்றுக்காட்டின் சிறுத்தையை வாங்கித் தோப்பை ஜெயித்தார்கள். ஆற்றுக்காடு வேறொரு காட்டுக்கு அதை விற்று ஜெயித்தது. முட்டையை வாங்கிய காடெல்லாம் தோற்றது, விற்ற காடெல்லாம் ஜெயித்தது. இதைக் கவனித்தவர் சடையாண்டி ஒருவர்தான்.

காலம் போயிற்று. வேலாத்தாளுக்கு முழங்கால் வலி வந்தது. அணி மறுபடி நான்காம் இடம், சடையாண்டி மறுபடி வாசனை. ஒருநாள் கிளி பறந்து வந்து, "தலைவரே, முழங்கால் வலியோட வேலாத்தாளை அனுப்பினாலும், இப்ப முட்டையை வச்சிருக்கிற காட்டுக்காரங்க பதிலுக்கு அதைத் தர்றாங்களாம். வேண்டாம், காத்திருந்து..." என்று ஆரம்பித்தது. கிளி முடிப்பதற்குள் சடையாண்டி சரி என்று சொல்லிவிட்டார்.

மேளதாளத்தோடு முட்டை வந்து இறங்கியது. சடையாண்டி குனிந்து மெதுவாகக் கேட்டார்: "சௌக்கியமா?"

"உள்ளே கொஞ்சம் நெருக்கடிதான் தலைவரே. மத்தபடி ராஜ மரியாதை."

"வெளியே வர்ற எண்ணம் ஏதாவது?"

"ஐயோ, எதுக்கு? விளையும் பயிர் முளையிலே தெரிஞ்சுடுமாம். அதான் முளைக்கவே இல்லை."

மறுநாள் காலையே துரைக்கண்ணு ஓர் இளம் யானையைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றது. "அன்னிக்கு அதை விட்டது தப்புங்க. தூக்கமே இல்லை. திருப்பிக் குடுத்துடுங்க."

எல்லைப் பக்கமிருந்து காற்று வீசியது. இலுப்பை பூத்திருந்தது. சடையாண்டி அந்த வாசனையை ஆழமாக இழுத்துக்கொண்டார். பிறகு கீரியின் தோளில் கை போட்டு, "துரைக்கண்ணு, சத்தியமாச் சொல்றேன், அது வெறும் கோழிப்பா," என்றார்.

கீரி சிரித்துக்கொண்டே இன்னொரு யானையைக் கூப்பிட்டது.

நீதி: எப்போதும் உண்மையே பேசுங்கள். யாரும் நம்பாத உண்மைக்குத்தான் நல்ல விலை கிடைக்கும்.